ஊற்றுக் கண்ணில் வைத்த அலவாங்கு

அக்காவின் காம்பராவில் நான் நாலு மாதம் இருந்தேன். கொழும்பில் கட்டட வேலைகள் நின்றுபோயிருந்தன. சீமெந்து இல்லை, கம்பி இல்லை. கொத்து வேலை பார்க்கும் பாஸ்மார்களே வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர்களுக்குக் கையாளாக இருந்த எனக்கு யார் வேலை தருவார்கள்? ஒரே ஒரு பையோடு பதுளைக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து பஸ் பிடித்து, நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில் அக்காவுடையது ஒரு காம்பரா: ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அதற்குள் அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், ஐந்தாவதாக நான். இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் படுத்தேன். அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

வந்த இரண்டாம் நாள் பக்கத்துக் காம்பராக்காரர், "கொழும்புல என்ன வேலை?" என்று கேட்டார். "மேசன்" என்றேன். உண்மையில் நான் மணல் அரித்தவன், சீமெந்து குழைத்தவன், வாளி தூக்கிக் கொடுத்தவன். கரண்டி பிடித்துச் சுவர் கட்டியது மொத்தமாகப் பார்த்தால் ஒரு வாரம் வராது. அதுவும் பாஸ் சாப்பிடப் போன நேரத்தில். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்தவன் கையாள் என்று சொன்னால், இத்தனை வருஷம் என்னதான் செய்தாய் என்று அடுத்த கேள்வி வரும். மேசன் என்றால் வராது.

அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் டீச்சர் என்னைத் தேடி வந்தார்.

அவர் ஹாலிஎல பக்கத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து, கடைச் சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேட்டில் நடந்து பள்ளிக்கு வருவார். சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு ஏறுவார். ஐந்தாம் தரத்துக்கு வகுப்பாசிரியர். பதினேழு பிள்ளைகள். அந்தப் பள்ளியில்தான் நானும் ஐந்து வரை படித்தேன். எங்கள் காலத்தில் வாத்தியார் எங்களை வெளியே கூட்டிப்போனால் அது அவர் வீட்டுக்கு விறகு பொறுக்கத்தான். இந்த டீச்சருடைய முறை வேறு. பிள்ளைகள் முதலில் லயத்து ஆட்களிடம் போய், என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டும். கேட்டதை எழுதி, வகுப்பில் பேச வேண்டும். தங்கள் கைக்கு எட்டிய ஒன்றை மட்டும் எடுத்துச் செய்ய வேண்டும். செய்த பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். இதையெல்லாம் அவர் சுற்றாடல் பாடத்தோடு சேர்த்துக்கொண்டார். புலமைப்பரிசில் பரீட்சை வருகிற நேரத்தில் பிள்ளைகளை வீடு வீடாக அலையவிடுகிறாரே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் கேட்டும் கேட்காத மாதிரி நடந்தார்.

எங்கள் லயத்துக்குக் கேட்க வந்தவள் ஒரு சிறுமி. லயத்தின் கடைசிக் காம்பரா அவளுடையது. அந்த வரிசையில் அது ஒன்றுதான் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு, மற்றதெல்லாம் சாமி கும்பிடுகிறவர்கள். பத்து வயது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. சி.ஆர். கொப்பியும் பென்சிலுமாக இஸ்தோப்பு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, இந்த லயத்துல ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கா? இன்னும் கல்யாணம் ஆகல. அதுதான் கஷ்டம்."

அவள் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

"ஏய், அத எழுதாத!"

"சொல்றத அப்படியே எழுதணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. வயசு?"

உள்ளேயிருந்து அக்கா சிரித்தாள். "நாப்பத்தொண்ணுன்னு எழுது புள்ள. அப்பவாச்சும் யாராவது எரக்கப்படுவாங்க."

அந்தக் கொப்பியைப் பிறகு பார்த்தேன். என்னென்ன கேட்டிருந்தார்கள்! கூரைத் தகரம் ஒழுகுது. தொரைகிட்ட சம்பளத்தக் கூட்டித் தரச் சொல்லுங்க. அட்டை தொல்ல. எனக்குப் பல்லு மொளைக்க வைக்க முடியுமா என்று ஒரு கிழவர். எல்லாம் வரிசையாக, பிள்ளைக் கையெழுத்தில். ஆனால் இருபத்திரண்டு காம்பராவில் பதினாலு காம்பரா ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தது. பீலி. மேட்டில் பாறைக்கு அடியில் ஒரு ஊற்று. அதிலிருந்து ஒரு மூங்கில் தகடு வழியாக விழுகிற தண்ணீரைத்தான் லயம் முழுவதும் பிடிக்கிறது. மழை பெய்தால் சேறு இறங்குகிறது, இலை விழுந்து அழுகுகிறது, ஆடு வந்து வாய் வைக்கிறது.

பிள்ளைகள் போட்ட திட்டம் சின்னது. இலையையும் சேற்றையும் அள்ளுவது. துணி துவைக்கும் தண்ணீர் திரும்பி வராமல் வடிந்தோட ஒரு சிறு கான் வெட்டுவது. ஆடு வராமல் மூங்கில் வேலி அடைப்பது. கொப்பியில் கடைசியாக இன்னொரு குறிப்பும் இருந்தது. தினமும் விடியலில் முதல் குடம் பிடிக்கிற மூன்றாம் காம்பரா அம்மா சொன்னது. சேற்றைக் கையாலேயே அள்ள வேண்டும், ஊற்றின் கண்ணில் இருக்கிற கல்லைத் தொடக்கூடாது, சுற்றியிருக்கும் பெரணிச் செடியைப் பிடுங்கக்கூடாது. இதன் கீழே சிறுமி இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

டீச்சர் என்னிடம் கேட்டதும் சின்ன உதவிதான். "அண்ணே, கான் வெட்டுறப்ப புள்ளைங்க கால்ல மம்பட்டி பட்டுறாம பாத்துக்கிட்டா போதும். நீங்க மேசன்தானே, வாட்டம் பாத்து சொல்லிருவீங்க."

சரி என்றிருக்கலாம். நான் அதோடு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினேழு பிள்ளைகளும் பீலிக்கரையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் "பாஸ் மாமா, பாஸ் மாமா" என்று கத்தினார்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பாஸ் என்று கூப்பிட்டதில்லை. சிறுமி எல்லோருடைய செருப்பையும் கழற்றச் சொல்லி, ஒரு பாறைமேல் சோடி சோடியாக அடுக்கி வைத்தாள். பிறகு யார் எங்கே நிற்பது என்று கட்டளை போட்டாள். இலை அள்ளினார்கள். சேற்றைத் தேங்காய்ச் சிரட்டையால் வாரினார்கள். நான் கானுக்கு வாட்டம் காட்டினேன். பத்து மணிக்கெல்லாம் அவர்கள் நினைத்த வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தண்ணீர் தெளிந்து விழுந்துகொண்டிருந்தது.

நான் அப்போது, "இவ்வளவுதானா? ஒரு சுவரக் கட்டி பைப்பு வச்சா லயத்துக்கே பெருமையா இருக்கும்" என்றேன்.

கோயில் திருத்த வேலையில் மீந்த அரை மூட்டை சீமெந்து இருந்தது. கோயில் தலைவர் நல்ல காரியம் என்று கொடுத்தனுப்பினார். யாரோ ஒரு துண்டு பீவீசீ பைப்பைக் கொண்டுவந்தார்கள். சுவரை நிறுத்த அடியில் சமமான இடம் வேண்டும். கண்ணில் இருந்த கல் அதற்கு இடைஞ்சலாக நின்றது. அத்தானிடம் கல் பெயர்க்கிற அலவாங்கு இருந்தது. அதை எடுத்துவரச் சொன்னேன்.

சிறுமி குறுக்கே வந்து நின்றாள். "மாமா, அந்தக் கல்லத் தொடக்கூடாது. நான் எழுதியிருக்கேன்."

"அதெல்லாம் பழைய ஆளுங்க பேச்சு. கொழும்புல மாடி கட்டுன கை இது."

"டீச்சர், பாருங்க டீச்சர்!"

டீச்சர் தயங்கினார். "அண்ணே, ஒண்ணும் ஆகாதில்ல?"

"டீச்சர், நீங்க பாடம் சொல்லிக்குடுங்க. கல்லப் பத்தி எனக்குத் தெரியும்." பிறகு சிறுமியைப் பார்த்து, "நீ எழுதுறவ. நான் வேல செய்றவன்" என்றேன். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் நகர்ந்து போய், அடுக்கிய செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அலவாங்கை விட்டு நெம்பினேன். கல் பெயர்ந்ததும் தண்ணீர் குபுக்கென்று பொங்கி வந்தது. பிள்ளைகள் கூத்தாடினார்கள். எனக்கும் அது என் கையால் வந்த தண்ணீர் மாதிரியே இருந்தது. பெரணியைப் பிடுங்கி எறிந்தேன். குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே பைப்பைப் பதித்தேன். அடியில் வைத்தால் சேறு வரும், மேலே வைத்தால் தெளிந்த தண்ணீர் வரும் என்று பெரிய ஆள் மாதிரி விளக்கமும் கொடுத்தேன்.

இரண்டு வாரம் பைப்பில் தண்ணீர் விழுந்தது. பள்ளியில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். அதிபர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லோருக்கும் வடையும் பிளேன்டீயும். சிறுமியும் ஒரு பேச்சுப் பேசினாள். பீலியைத் துப்புரவாக்கியது எப்படி என்று சொன்னவள் சுவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

மூன்றாவது வாரம் தண்ணீர் நூல் மாதிரி ஆனது. நாலாவது வாரம் சொட்டியது. மழை இல்லாத காலமும் இல்லை. சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், குளம் போல் நிற்க வேண்டிய தண்ணீர் இல்லை. ஒரு காலையில் யாருக்கும் சொல்லாமல் ஊற்றுக்குக் கீழே பள்ளத்தில் இறங்கி நடந்தேன். முப்பது நாற்பது அடி கீழே, தேயிலைக்குள், முன்பு காய்ந்து கிடந்த இடம் சொதசொதவென்று இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து கானில் போய் விழுந்துகொண்டிருந்தது. நான் அடைத்ததால் தண்ணீர் அடியில் வேறு வழி தேடிக்கொண்டது. கல்லைப் பெயர்த்தபோது அந்த வழியை நானே திறந்தும் விட்டிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள மேசனாக இருக்க வேண்டியதில்லை.

லயத்து ஆட்களுக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. கோயில் திருவிழா நெருங்கியிருந்தது. கரகத்துக்குத் தண்ணீர் மொண்டு பூச்சுற்றிப் பாலிப்பது அந்தப் பீலிக்கரையில்தான். திருவிழாவுக்கு முன்னால் ஊற்று வற்றினால் அம்மனுக்கு ஏதோ ஆகவில்லை என்றுதான் பேச்சு வரும். இரண்டு நாளில் அந்தப் பேச்சு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. வேதக்கார வீட்டுப் பிள்ளை செருப்போடு ஊற்றுக்குள் நின்றாளாம்.

ஞாயிறு மத்தியானம் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. டீச்சரை ஹாலிஎலவிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். சிறுமியும் அவளுடைய அம்மாவும் ஓரமாக நின்றார்கள். நான் அத்தானுக்குப் பக்கத்தில் நின்றேன்.

தலைவர் தொடங்கினார். "டீச்சரம்மா, யாரக் கேட்டு ஊத்துல கை வச்சீங்க?"

"ஒங்ககிட்ட கேட்டுத்தானே சீமெந்து வாங்குனோம்?"

"சீமெந்து குடுத்தேன். செருப்போட எறங்கச் சொன்னேனா?"

சிறுமி பட்டென்று சொன்னாள். "யாரும் செருப்போட எறங்கல. எல்லார் செருப்பையும் நான்தான் பாறைல அடுக்கி வச்சேன்."

"பாத்தீங்களா வாய!" என்றாள் ஒருத்தி. "இவதான் அன்னைக்கு முன்னுக்கு நின்னு எல்லாரையும் ஏவுனவ."

பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "கல்லப் பெயர்த்தது பாஸ் மாமா!" என்று கத்தியது. யாரோ அதன் தலையில் தட்டினார்கள். ஆனால் தலைவர் காதில் அது விழுந்துவிட்டது. அவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"அவரு கொழும்புல மாடி கட்டுனவரு. அவருக்குத் தெரியாததா? சுவரப் போய்ப் பாருங்க, ஒரு வெடிப்பு உண்டா? தண்ணிதான் இல்ல. என்ன பாஸ், சுவருல ஏதும் பெழையா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். சிறுமியும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"சுவரு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. சுவர் நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அடிப்பார்கள் என்ற பயம் கொஞ்சம். அக்கா வீட்டில் நாலு மாதம் சாப்பிட்டவன், அவளுக்குத் தலைகுனிவாகும் என்பது கொஞ்சம். ஆனால் அதையெல்லாம் நான் பின்னால்தான் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒன்றுதான். நான் மேசன் இல்லை என்று தெரிந்துவிடுமே.

டீச்சர் என்னை விட்டுத் தலைவரிடம் திரும்பி, "பொறுப்பு என்னோடது. புள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலையை என்னிடம் விட்டது தான்தானே என்று நினைத்தாரோ என்னவோ.

பாலூற்றிப் பரிகார பூசை செய்வது என்று முடிவானது. பள்ளிப் பிள்ளைகள் இனி பீலிப் பக்கம் போகக்கூடாது. லயம் முழுவதும் இனிக் கீழ்லயத்துப் பீலிக்குத்தான் போக வேண்டும். அங்கே அந்த வேதக்கார வீடு கடைசியாக வந்து பிடிக்கட்டும், பூசை முடியும் வரைக்கும் என்றார்கள். சிறுமியின் அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் கிளம்பிவிட்டேன். வெல்லவாயப் பக்கம் கரும்பு வெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அது உண்மைதான். எனக்கு எப்போதும் எங்காவது ஒரு வேலை இருப்பது உண்மையாகவே இருந்திருக்கிறது.

பிறகு நடந்ததை அக்கா போனில் சொன்னாள். திருவிழாவுக்குக் கரகம் கீழ்லயத்துப் பீலியில் பாலித்தார்கள். பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று அதிபர் டீச்சரிடம் எழுத்தில் வாங்கினார். வருஷக் கடைசியில் டீச்சர் மாற்றம் கேட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் சிரமதானம் என்றால் பிள்ளைகளை முற்றம் கூட்டவைப்பார், போட்டோ எடுப்பார், மணி அடிப்பார். "அந்தக் கடைசிக் காம்பராப் புள்ள இப்ப ஒண்ணுக்கும் வர்றதில்லடா, கேட்டாலும் பேசுறதில்ல" என்றாள் அக்கா. நான் "ம்" என்றேன். பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா மகளுடைய சடங்குக்குப் போனேன். விடிந்ததும் அக்கா கையில் கேனைக் கொடுத்து, "போய்த் தண்ணி பிடிச்சிட்டு வா" என்றாள். கீழ்லயத்துப் பீலியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் சிறுமியின் அம்மா. பக்கத்தில் சிறுமி. உயரமாகியிருந்தாள். பதுளைப் பள்ளிச் சீருடையோடு நின்றாள். பூசை முடிந்து இரண்டு வருஷமாகியும் அவர்கள் இடம் மாறவில்லை.

அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை.

"மேல் ஊத்தக் கெடுத்தது நான்தான். அலவாங்கு போட்டுக் கல்லப் பெயர்த்தேன். இந்தப் புள்ள வேணாம்னு சொன்னிச்சு, நான் கேக்கல. நான் மேசனும் இல்ல, கையாளுதான்."

முன்னால் நின்றவள் நிரம்பிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சி ஞானம் வந்திரிச்சோ?" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

"கரும்பு தின்னு தின்னு வாய் இனிச்சிருச்சு போல."

"தலைவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. எங்களுக்குப் பெரட்டுல பேர் குடுத்து மலைக்கு ஏற நேரமாச்சு. நகருங்க, குடத்த வைக்கணும்."

நான் அந்த அம்மாவிடம், "நீங்க முன்னுக்கு வாங்க" என்றேன். யாராவது வழி விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் விலகவும் இல்லை. "வேணாம் தம்பி, இப்பிடியே பழகிருச்சு" என்றார் அவர்.

சிறுமி மட்டும் என்னிடம் ஒன்று கேட்டாள். "டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அவங்ககிட்டதான் சொல்லணும். எனக்குத்தான் தெரியுமே." பிறகு, "ஹாலிஎலவுக்கு அங்கிட்டு ஒரு ஸ்கூல்ல இருக்காங்க. மெயின் ரோட்டுலதான்" என்றாள்.

தலைவரிடமும் போனேன். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அதக் கிளறாதீங்க பாஸ். பூசை போட்டாச்சு, பாலூத்தியாச்சு. அம்மா மன்னிச்சிட்டா" என்றார். யாரை மன்னித்தாள் என்று நான் கேட்கவில்லை.

வெல்லவாயவிலிருந்து பதுளைக்கு வரும் பஸ் அந்தப் பள்ளிக்கு முன்னாலேயே போகிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்த வழியில் வந்திருக்கிறேன். முதல் தடவை சனிக்கிழமை, பள்ளி மூடியிருந்தது. இரண்டாவது தடவை பள்ளி விடுகிற நேரம். மணியை அடித்தேன். பஸ் நின்றது. மிதிபலகைக்கு வந்துவிட்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் டீச்சர் குடையோடு நின்று பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எறங்குறதுன்னா எறங்குங்க அண்ணே" என்றான் கண்டக்டர்.

"இல்ல, அடுத்த எறக்கம்" என்றேன்.

அடுத்த இறக்கத்தில் இறங்கித் திரும்பி நடக்கலாம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கும்போது நானும் இறங்கினேன்.